லா ஸ்காலாவின் மேடைக்குப் பின்னால்: மிலான் ஓபரா அருங்காட்சியகத்தில் ஒரு சுற்று

வணக்கம் நண்பர்களே. இன்று இத்தாலியின் மிலான் நகரில், லா ஸ்காலா ஓபரா அரங்கத்தின் முன்னால் நிற்கிறேன். ஓபரா என்றால் பாடியே நடிக்கும் இசை நாடகம். என் பின்னால் தெரிகிறதே, வெளிர்மஞ்சள் கட்டடம், அதுதான். "இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இங்கே வருகிற பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். வெர்டி, பெல்லினி, புச்சினி போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் தங்கள் படைப்புகளை முதன்முதலாக மேடையேற்றிய இடம் இப்படி அடக்க ஒடுக்கமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. காரணம் உள்ளே ஓர் ஓவியத்தில் இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.

அருங்காட்சியகத்துக்குத் தனி வாசல். அரங்கத்தை ஒட்டி இடது பக்கம் ஒரு கட்டடம் இருக்கிறது, அதன் பெயர் காசினோ ரிகோர்டி. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு படி ஏற வேண்டும்.

இதோ அந்த ஓவியம். ஆஞ்சலோ இங்கன்னி என்பவர் 1852இல் வரைந்தது. அரங்கத்தின் முகப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் எதிரே சதுக்கம் எங்கே? இன்று அங்கே நிற்கும் லியோனார்டோ டா வின்சியின் சிலை எங்கே? ஒன்றும் கிடையாது. வீடுகள் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். எதிரே இருந்த வீடுகளை இடித்துச் சதுக்கம் ஆக்கியது 1858இல். அதுவரை இந்த முகப்பை யாரும் தள்ளி நின்று முழுமையாகப் பார்த்ததே இல்லை. கட்டியவர் பியர்மரீனி. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் தெருவில் கோபுரம் எழுப்பி என்ன பயன் என்று அவர் நினைத்திருக்கலாம். வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் மழையில் நனையாதபடி ஒரு முன்மண்டபம் வைத்தார், அதோடு விட்டுவிட்டார். பணத்தையும் மூளையையும் உள்ளே செலவழித்தார்.

இந்த அருங்காட்சியகம் திறந்தது 1913 மார்ச்சில். பாரிசில் ஜூல் சாம்போன் என்ற பழம்பொருள் வியாபாரி நாடகம் சம்பந்தப்பட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். பழைய கிரேக்க, ரோமானிய நாடகச் சின்னங்கள் முதல் கோமாளி வேடப் பீங்கான் பொம்மைகள் வரை அதில் இருந்தன. 1911இல் அது ஏலத்துக்கு வந்தபோது மிலான்காரர்கள் விடவில்லை. பாதிப் பணத்தை அரசு கொடுத்தது. மீதியை ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர் சேர்ந்து போட்டார்கள். அந்தப் பீங்கான் பொம்மைகள் இதோ இந்த அலமாரிகளில் இருக்கின்றன. அழகுதான், ஆனால் நான் அங்கே அதிகம் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது இந்த வாத்தியங்கள். இது 1667இல் நேபிள்சில் ஹொனோஃப்ரியோ குவாராச்சினோ செய்த விர்ஜினல், பியானோவுக்கு முந்தைய காலத்துத் தந்தி வாத்தியம், கட்டைகளை அழுத்தி வாசிப்பது. மூடியின் உட்புறத்தில் ஒரு பைபிள் காலக் கதை: ஜூடித் கையில் எதிரிப் படைத்தலைவன் ஹொலொஃபெர்னசின் வெட்டுண்ட தலை. கூடவே, பழக்கமில்லாத கை என்னைத் தொடாதே என்ற பொருளில் லத்தீனில் ஓர் எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார்கள். வெட்டின தலையையும் காட்டிவிட்டு எச்சரிக்கையும் எழுதினால் எவன் தொடுவான்?

அடுத்து நான் நிஜமாகவே நேரம் செலவழித்த இடம். பார்வைக்குச் சாதாரணமான, சின்ன ஸ்பினெட் ஒன்று, விர்ஜினலின் உறவு வாத்தியம். ஜுசெப்பே வெர்டி சிறுவனாக இருந்தபோது அப்பா வாங்கிக்கொடுத்தது. அப்பா ரொங்கோலே என்ற சிற்றூரில் மதுக்கடை நடத்தியவர், வசதியான குடும்பம் இல்லை. பையன் அடித்த அடியில் வாத்தியம் பழுதாகிவிட்டது. சரிசெய்ய ஸ்டெஃபானோ காவல்லெட்டி என்பவர் வந்தார். தந்தியை மீட்டுகிற மரத்துண்டுகள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, தோல் பூட்டி, மிதிகட்டைகளையும் தன் செலவிலேயே பொருத்திக் கொடுத்தார். பிறகு உள்ளே ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: சிறுவன் ஜுசெப்பே வெர்டிக்கு வாசிக்கக் கற்றுக்கொள்வதில் இருக்கும் ஆர்வத்தைப் பார்த்துக் கூலி வாங்காமல் செய்தேன், அதுவே எனக்குப் போதும் என்று. ஆண்டு 1821. பையனுக்கு எட்டு வயதுகூட முடியவில்லை.

காவல்லெட்டியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட இந்த ஒரு சீட்டுதான். எழுதி வைத்தார், பெயர் தப்பியது. ஓபராவில் அப்படி எழுதி வைக்காத கைகள் எத்தனை! தச்சர், தையற்காரர், திரை வரைகிறவர், விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர். இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு ஒரு குறை என்றால் அதுதான். முகங்கள் ஏராளம், கைகள் குறைவு.

முகங்கள் என்று எதைச் சொல்கிறேன் என்பதைப் பாருங்கள், சுவர் முழுக்க உருவப்படங்கள். இவர் மரியா மாலிப்ரான், 28 வயதில் இறந்துபோன பாடகி, பெட்ராஸ்ஸி என்ற ஓவியர் வரைந்தது. கையில் யாழோடு இருப்பவர் பாடகி இசபெல்லா கொல்பிரான், இசையமைப்பாளர் ரொசினியின் முதல் மனைவி. மார்பளவுச் சிலைகள், பதக்கங்கள், இன்னும் சில இசையமைப்பாளர்கள். நடந்துகொண்டே பார்க்கலாம். கொல்பிரானின் பின்னால் ஒரு கதை மட்டும் இருக்கிறது. ரொசினியை நேபிள்சுக்கு அழைத்துப் போய்க் கொல்பிரானுக்கென்று எழுத வைத்தவர், அங்கே ஓபரா அரங்கங்களை நடத்திய தொமெனிகோ பர்பாயா. அந்தப் பர்பாயா பணம் சேர்த்தது எங்கே? இதே லா ஸ்காலாவின் முன்கூடத்தில்தான். அந்தக் காலத்தில் இங்கே சூதாட்ட மேசைகள் இருந்தன. அதன் குத்தகையைப் பிடித்தவர் அவர். உள்ளே பாட்டு, வெளியே பகடை. பாட்டின் செலவைப் பெரும்பாலும் பகடைதான் தாங்கியது. கலையைச் சுத்தமான பணம்தான் வளர்த்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கூடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

சரி, இப்போது கேமராவை அணைக்கப் போகிறேன். அடுத்த அறையிலிருந்து அரங்கத்தின் பாக்ஸ் ஒன்றுக்குள் நுழையலாம். உள்ளே வேலை நடக்கிறது, படம் எடுக்க அனுமதி இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

வந்துவிட்டேன். இந்த அருங்காட்சியகத்துக்கு வருவதற்கு ஒரே காரணம் போதும் என்றால், அது இந்த பாக்ஸ்தான். சிவப்புத் துணி போர்த்திய சிறு அறை, முன்னால் கைப்பிடிச் சுவர். அதில் சாய்ந்து பார்த்தால் குதிரைலாட வடிவில் அடுக்கடுக்காக பாக்ஸ்கள், மேலே இரண்டு அடுக்கு காலரி, நடுவில் பெரிய சரவிளக்கு. கீழே நாற்காலிகளின் மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேடையில் பெரிய படிக்கட்டு ஒன்று. முன்பக்கம் பளிங்கு, அரண்மனைப் படி போலவே இருந்தது. அப்போது இரண்டு ஆட்கள் அதைத் திருப்பினார்கள். பின்பக்கம் வெறும் மரச்சட்டம், இரும்புக் கம்பி, சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண்கள். கீழே சக்கரம். ஒருவர் மண்டியிட்டு, தரையில் ஒட்டியிருந்த சிறு நாடாவின் மேல் படியின் மூலை சரியாக விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. இரண்டு விரல் அளவு தள்ளினார்கள். மறுபடி பார்த்தார். இருட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்ததும் விளக்கு ஒன்று நீலமாகி, பிறகு அணைந்தது. இரண்டு விரல் தள்ளியிருந்தால் பாடகியின் முகத்தில் விழ வேண்டிய வெளிச்சம் தோளில் விழும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

இந்த பாக்ஸ்கள் பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முன்பு இருந்த அரசவை அரங்கம் 1776இல் தீப்பிடித்து எரிந்தது. புதிதாகக் கட்டப் பணம் கொடுத்தவர்கள் அங்கே பாக்ஸ் வைத்திருந்த பிரபு குடும்பங்கள். ஆகவே பாக்ஸ் அவர்களுடைய சொந்தச் சொத்து. விரும்பிய துணியைத் தொங்கவிட்டு அலங்கரித்தார்கள், சாப்பாடு வரவழைத்தார்கள், சீட்டு ஆடினார்கள், பேரம் பேசினார்கள். பிடித்த பாட்டு வந்தால் மட்டும் மேடைப் பக்கம் திரும்பினார்கள். 1778 ஆகஸ்ட் 3ஆம் தேதி சாலியெரியின் ஓபராவோடு திறந்தபோது மேடையில் எண்ணெய் விளக்குகள், அரங்கத்தில் இன்னும் ஆயிரம் விளக்குகள். தீப்பிடித்தால் அணைக்க அறை அறையாகத் தண்ணீர் வாளிகள். பார்வையாளர்கள் உட்காரும் இடமும் மேடையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. யார் யாரோடு வந்தார் என்று பார்ப்பதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான்.

இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தவர்களில் முக்கியமானவர் வாத்தியக் குழுவை வழிநடத்திய தொஸ்கானினி. 1898இல் இங்கே பொறுப்பேற்றார். விளக்கை அணை என்றார், பெண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்றார், கைதட்டினால் அதே பாட்டை மறுபடி பாடும் வழக்கத்தை எதிர்த்தார். 1907இல் வாத்தியக் குழு மேடைக்கு முன்னால் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கியது. ரசிகர்கள் அவரைத் திட்டினார்கள். நியாயம்தான், காசு கொடுத்த வீட்டில் நம்மை இருட்டில் உட்கார வைத்தால் நாமும் திட்டுவோம்.

இப்போது மேடை அமைப்புக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அங்கே இருக்கும் காட்சி ஓவியங்கள் வேறு மாதிரி தெரியும்.

டிக்கெட் வாங்கிய பொதுமக்களுக்கு ஓபரா என்பது 1637இல் வெனிசில் ஆரம்பித்தது. போட்டி அரங்கங்கள் முளைத்தன. எவன் மேடையில் அதிக அதிசயம் காட்டுகிறானோ அவனுக்கே கூட்டம். 1641 வாக்கில் ஜாக்கமோ டொரெல்லி ஒரு வேலை செய்தார். மேடையின் இருபுறமும் நிற்கும் ஓவியத் தட்டிகளை மேடைக்கு அடியில் உருளும் வண்டிகளோடு இணைத்தார். எல்லா வண்டிகளின் கயிறும் நடுவில் ஒரே உருளையில் சுற்றியது. எதிர் எடையை விடுவித்தால் ஒரு பையன் போதும், காடு போய்க் கடற்கரை வந்துவிடும். திரை போடாமல் கண்முன்னாலேயே மாறும். ஜனங்கள் வாயைப் பிளந்தது பாட்டுக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1638இல், பேசாரோவைச் சேர்ந்த சபாட்டினி மேடை எந்திரங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். இடி வேண்டுமா? படிபடியான மரக்கால்வாயில் இரும்பு அல்லது கல் உருண்டைகளை உருட்டிவிடு. கடல் வேண்டுமா? நீல வண்ணம் பூசிய, அலைபோல் வளைந்த நீள உருளைகளை வரிசையாக வைத்துச் சுழற்று. மேடையை இருட்டாக்க வேண்டுமா? விளக்குகளின் மேல் தகர உருளைகளைக் கயிற்றால் ஒரே நேரத்தில் இறக்கு. காட்சி மாற்றும்போது ஜனங்கள் கவனிக்கக் கூடாதா? அரங்கத்தின் பின்பக்கம் ஆள் வைத்துப் பொய்ச் சண்டை மூட்டு! எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்குள் மாற்றிவிடலாம். சண்டை நிஜமாகிவிடும் ஆபத்து உண்டு என்று அவரே கவலையும் படுகிறார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது.

லா ஸ்காலாவின் பெரிய காட்சி ஓவியர் அலெசாண்ட்ரோ சான்குவிரிகோ. 1810களின் கடைசியிலிருந்து 1830களின் தொடக்கம் வரை இங்கே அவர் ராஜ்யம். பெல்லினியின் 'நோர்மா' 1831 டிசம்பர் 26 அன்று இங்கே மேடையேறியபோது கதையில் வரும் புனிதக் காட்டை வரைந்தவர் அவர்தான். அவருடைய காட்சிகளை அச்சிட்ட வண்ணப் படங்களை நெருங்கிப் பாருங்கள். தூண்கள் ஓடி ஓடி ஒரு புள்ளியில் மறைகின்றன. மைல் கணக்கில் ஆழம் இருப்பது போலத் தோன்றும். நிஜத்தில் பெரும்பங்கு தட்டையான துணி. பாடகர் பின்னால் நடந்து போனால் வரைந்த தூணைவிட அவர் உயரமாகிவிடுவார், மாயை உடைந்துவிடும். அதனால்தான் பழைய ஓபராவில் முன்னால் வந்து நின்று பாடினார்கள். வெளிச்சமும் முன்னால்தான் இருந்தது. "சிலைபோல நின்று பாடுகிறார்களே" என்று கிண்டல் செய்வோருக்கு இது பதில்.

ஒவ்வொரு ஓபராவுக்கும் புதிய திரை கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். அரண்மனை ஒன்று, சிறைச்சாலை ஒன்று, தோட்டம் ஒன்று, இருப்பில் இருக்கும். நம் ஊர் இசை நாடகக் கம்பெனிகள் தெருப் படுதா, தர்பார் படுதா, காட்டுப் படுதா வைத்து எல்லாக் கதையையும் ஓட்டவில்லையா, அதே கணக்கு. இதில் உறவும் உண்டு. அந்தப் படுதாக்கள் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக நமக்கு வந்தவை. அவர்கள் பார்த்துச் செய்தது ஐரோப்பிய மேடையை.

வெர்டியை வெர்டியாக்கிய 'நபுக்கோ'வுக்கே இந்த நிலைதான். 1842இல் அரங்கத்தை நடத்திய மெரெல்லி புதுத் திரைக்குப் பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கதையை வைத்து இங்கே ஆடிய ஒரு பாலேயின் பழைய திரைகளையும் உடைகளையும் தூசி தட்டி எடுத்தார்கள். மார்ச் 9ஆம் தேதி திரை உயர்ந்ததும் ஜனங்கள் கைதட்டினார்களாம். பழைய சரக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. 1883 டிசம்பர் 26 இரவு லா ஸ்காலா மின்விளக்கில் ஒளிர்ந்தது. பக்கத்திலேயே, நகரின் பெரிய தேவாலயத்துக்கு அருகில் சாந்தா ராதகொந்தா தெருவில் இருந்த மின் நிலையத்திலிருந்து கம்பி இழுத்தார்கள். தீ பயம் குறைந்தது. ஆனால் பழைய விளக்குகளின் நடுங்கும் வெளிச்சத்தில் பளிங்காகத் தெரிந்த துணி, மின்விளக்கில் துணியாகவே தெரியத் தொடங்கியது. ஓவியத் திரையின் காலம் மெல்ல மெல்ல இறங்கியது அங்கிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். 1922இல் மேடை ஒளியமைப்பில் புதுமை செய்த மரியானோ ஃபொர்த்தூனியின் வளைந்த குவிமாடம் இங்கே வந்தது. அதில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவிட்டு வானத்தையே உண்டாக்கினார்கள். வானத்தை வரைய வேண்டிய தேவையே போய்விட்டது.

வாத்தியத்தால் மட்டும் புயல் எழுப்பிய கதையும் இருக்கிறது. 1887 பிப்ரவரி 5, வெர்டியின் 'ஒதெல்லோ' இங்கே முதல் முறை. திரை உயர்ந்ததும் புயல். ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியத்தின் மிதிகட்டையில் அடுத்தடுத்த மூன்று கீழ் ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தியபடி வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். அது பாட்டாகக் கேட்காது. வயிற்றில் ஏதோ செய்யும், அவ்வளவுதான். அந்த உறுமல் நின்ற பிறகுதான் புயல் நின்றது உடம்புக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த ரிகோர்டி பதிப்பகம், யார் எங்கே நிற்க வேண்டும், எந்த ஸ்வரத்தில் எத்தனை அடி வைக்க வேண்டும் என்று படம் போட்டுத் தனிப் புத்தகமே அச்சிட்டது. கூட்டுப் பாடகர்கள் மந்தையாக நிற்கக் கூடாது, ஒவ்வொருவரும் தனி ஆளாக நடிக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். அடுத்த ஊரில் போடுகிறவன் கையில் இந்தப் புத்தகம் இருந்தால் தப்பிக்க முடியாது.

1943 ஆகஸ்டில் விழுந்த குண்டில் இந்தக் கூரை போனது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946 மே 11, தொஸ்கானினி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து கச்சேரி நடத்தினார். ஊர் பாதி இடிபாடாக இருக்கும்போது முதலில் ஓபரா அரங்கத்தை எழுப்பிய ஜனங்கள் இவர்கள். அதற்குப் பிறகு 2002 முதல் 2004 வரை மேடையை அடியோடு பெயர்த்து, கட்டடக் கலைஞர் மரியோ பொத்தாவின் வடிவமைப்பில் பின்னால் புதுக் கோபுரம் எழுப்பினார்கள். பழைய மர எந்திரங்கள் போயின என்று சண்டையும் நடந்தது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பழைய கூரைக்குப் பின்னால் பெட்டி போல ஒன்றும் பக்கத்தில் நீள்வட்டமாக ஒன்றும் தெரியும், அந்தப் பெட்டிதான் மேடைக் கோபுரம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே காட்சிகள் மேலேயும் கீழேயும் வேகமாகப் போய்வருவது அதனால்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

கைகளைத் தேடுகிறவர்கள் இதோடு நிறுத்த வேண்டாம். நகரின் தென்மேற்கில் பெர்கொஞ்ஞோனே தெருவில் அன்சால்டோ என்ற பழைய இரும்பாலை இருக்கிறது. 2001 முதல் லா ஸ்காலாவின் பட்டறைகள் அங்கேதான். முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு பார்க்கலாம். மூன்று கூடங்கள், இயக்குநர் விஸ்கொந்தி, காட்சி அமைப்பாளர் பெனுவா, உடை வடிவமைப்பாளர் காரம்பா என்று ஆளுக்கொரு பெயர். மேலே நடைபாதையில் நின்று பார்த்தால் கீழே தரையில் விரித்த பிரம்மாண்டமான துணி. ஓவியர் அதன் மேலேயே நடக்கிறார், துடைப்பம் அளவுக்கு நீளமான தூரிகை கையில். நின்றபடி வரைகிறார். பக்கத்தில் தெர்மாகோலில் செதுக்கிய ரோமானியத் தலை ஒன்று, மூக்கு மட்டும் இன்னும் முடியாமல் இருக்கிறது. உடைக் கூடத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உடைகள் தொங்குகின்றன, துவைக்கத் தனி இடம். உடை என்றதும் ஊதா நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் தேவாலயம் உடுத்தும் நிறம் ஊதா. அந்த நாட்களில் அரங்கங்களை மூடிவிடுவார்கள், நாடகக்காரர்களுக்குப் பிழைப்பு இருக்காது. அதனால் இத்தாலிய மேடையில் இன்றும் ஊதா ஆகாது. நீங்கள் ஊதாச் சட்டையோடு போனால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

அடுத்த முறை வருகிறவர்களுக்கு: ஒத்திகை இருந்தால் பாக்ஸுக்குள் விடமாட்டார்கள், அல்லது சிறிது நேரம்தான் விடுவார்கள். ஆகவே அருங்காட்சியகத்தின் இணையதளத்தை அன்று காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீசன் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7, நகரத்தின் காவல் புனிதர் அம்புரோசின் திருநாளன்று தொடங்கும். அதை ஒட்டிய நாட்களில் மேடையில் வேலை அதிகம், கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓபராவையே பார்க்க நினைப்பவர்களுக்கு மொழி பயம் வேண்டாம், நாற்காலியின் முதுகில் சிறு திரை இருக்கிறது, பாடல் வரிகள் ஆங்கிலத்திலும் ஓடும். மேல் காலரியில் டிக்கெட் விலை குறைவு. பார்வை மறைக்கும், சில இடங்களில் எழுந்து நிற்க வேண்டும். ஆனால் பாடகர் சுருதி தவறினால் முதலில் சத்தம் போடுவது அங்கேதான். 2006இல் வெர்டியின் 'ஐதா' ஓடும்போது அங்கிருந்து வந்த கூச்சலுக்குக் கோபப்பட்டு டெனார், அதாவது உச்ச ஆண்குரல் பாடகர் ரொபெர்த்தோ அலாஞ்ஞா பாதியில் மேடையை விட்டு வெளியேறினார். மாற்றுப் பாடகர் ஜீன்ஸ் கால்சட்டையோடு எகிப்தியப் படைத்தலைவராக வந்து நின்று மிச்சத்தைப் பாடி முடித்தார். டிக்கெட் வாங்கினால் அந்தக் காலரியிலேயே வாங்குங்கள் என்பேன்.